கொஞ்சம் விடுங்க சார்!

சின்ன ஊர் விமான நிலையங்களுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. சென்னை, பெங்களூரு மாதிரி இடங்களில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் டெல்லிக்குப் போவார். பின்னால் நிற்பவர் கவுஹாத்திக்குப் போவார். யாருக்கு எத்தனை மணிக்கு ஃப்ளைட் என்று யாருக்கும் தெரியாது. தூத்துக்குடி வாகைக்குளத்திலோ, சேலம் காமலாபுரத்திலோ அந்தக் குழப்பம் குறைவு. வரிசையில் நிற்கிற எல்லோரும் பெரும்பாலும் ஒரே விமானத்துக்குத்தான் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் விசிறி சுழலும் ஏடிஆர் விமானம். எழுபத்துச் சொச்சம் சீட். அவ்வளவுதான்.

அங்கேயும் ஒரு குரல் கேட்கும். "கொஞ்சம் விடுங்க சார், ஃப்ளைட்டுக்கு டைம் ஆச்சு!"

எங்களுக்கும் அதே ஃப்ளைட்தான், அண்ணாச்சி!

முண்டியடித்து முதலில் உள்ளே போனாலும் விமானம் அவருக்காக முன்கூட்டியே கிளம்பப் போவதில்லை. கடைசி ஆள் ஏறுகிற வரை அவரும் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அப்புறம் ஏன் இந்த அவசரம்? பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பழக்கம். போர்டிங் பாஸில் சீட் நம்பரை அச்சடித்துக் கொடுத்த பிறகும் கை துண்டைத் தேடுகிறது.

பி.காம். படித்தவர்களுக்கு 'ஃபிஃபோ' தெரியும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். ஸ்டோர்ஸ் லெட்ஜர் போட்டுப் போட்டே எனக்கு அது மனப்பாடம். வரிசையும் அதே கணக்குதான். நீங்கள் யார், என்ன சம்பளம், உங்கள் மாமா எந்த ஆபீசில் இருக்கிறார் என்று அது கேட்பதில்லை. 'எப்ப வந்தீங்க?' ஒரே கேள்வி. ஏற்றத்தாழ்வுக்குப் பழகிப்போன நம் ஊரில் இவ்வளவு நியாயமான கேள்வியைக் கேட்கிற இடங்கள் எத்தனை இருக்கின்றன?

சரி, ஒரு சின்ன விமான நிலையத்தை அலுங்காமல் குலுங்காமல் கடந்து போக என்ன வழி? மூன்று வழி உண்டு.

முதல் வழி, தயாராக வருவது. உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்னால் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதைக் கணக்குப் பண்ணி வீட்டை விட்டுக் கிளம்புவது. பவர் பேங்க்கைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்வது. பேட்டரி தீப்பிடித்தால் சாமான் அறையில் அணைக்க ஆள் இல்லை என்பதால்தான் அந்த விதி. தெரியாமல் பெட்டிக்குள் போட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பெட்டியைத் திறக்க வேண்டும், மக்ரூன் பொட்டலத்துக்கும் வேட்டிக்கும் நடுவில் துழாவ வேண்டும். பெட்டி உங்களுடையது. காத்திருப்பது எல்லோரும். தயாராக வருவதை நாம் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். நான் அதை மரியாதை என்பேன்.

இரண்டாவது வழி, செல்வாக்கு. "உள்ளே நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், பாத்துக்குவார்." சின்ன ஊரில் எல்லோருக்கும் யாரையாவது தெரியும். இதன் இன்னொரு வடிவம் பணம். சில நிறுவனங்கள் முன்னால் போவதற்கே தனிக் கட்டணம் வாங்குகின்றன. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெல் 2012-ல் வெளியிட்ட புத்தகத்தின் முதல் அத்தியாயமே வரிசையைத் தாண்டுவதைப் பற்றித்தான். பணம் நுழைந்ததும், எல்லோரும் சமமாகக் காத்திருப்பது என்ற பண்பு கெட்டுப்போகிறது என்பது அவருடைய கவலை. என்னைக் கேட்டால், பணமாவது விலைப் பட்டியல் போட்டு வெளிப்படையாக நிற்கிறது. செல்வாக்குக்கு ரசீதுகூடக் கிடையாது.

மூன்றாவது வழி, கெஞ்சுவது. நம் மனச்சாட்சியைப் படுத்துவது இதுதான்.

ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருகிறார். "சென்னையில அம்மா தவறிட்டாங்க. எடுக்கறதுக்குள்ள போயாகணும்." இன்னொருவரும் ஓடி வருகிறார். அவர் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியவர். இரண்டு பேர் முகத்திலும் ஒரே வியர்வை. இரண்டு பேரும் சொல்வது ஒரே வாக்கியம். 'கொஞ்சம் விடுங்க சார்.' அழுகிறவரிடம் ஆதாரம் கேட்கிற அளவுக்கு நாம் இன்னும் கெட்டுப்போகவில்லை. எனவே விட்டுவிடுகிறோம். மனசுக்குள் ஒரு திருப்தி. இன்றைக்கு ஒரு நல்ல காரியம் பண்ணினோம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வரிசையில் எனக்குச் சொந்தமானது என் இடம் மட்டும்தான். அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கடைசியில் போய் நின்றால் அது தர்மம். அவரை முன்னால் விட்டுவிட்டு நானும் அங்கேயே நின்றால்? எனக்குப் பின்னால் இருக்கிற இருபது பேருடைய நேரத்தையும் அல்லவா எடுத்துக் கொடுத்திருக்கிறேன்? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. புண்ணியம் எனக்கு, செலவு அவர்களுக்கு.

அதற்காக அம்மாவை இழந்தவரை நிறுத்தி வைப்பதா? கூடாது. இங்கேதான் சின்ன ஊரின் சௌகரியம் கைகொடுக்கிறது. பின்னால் இருப்பவர்களும் அதே விமானம்தான். அவரை முன்னால் விடுவதால் யாருக்கும் விமானம் போய்விடாது. போவது இரண்டு நிமிடம். வரிசையும் நீளமில்லை, குரல் எட்டும் தூரம்தான். திரும்பி, "இவரை விடலாமாங்க?" என்று கேட்டால் போதும். மறுக்கிறவர்கள் குறைவு. கேட்டுக் கொடுக்கும்போது அந்த இருபது பேரும் கொடுத்தவர்கள் ஆகிறார்கள். கேட்காமல் விட்டால் அதே இருபது பேரும் பறிகொடுத்தவர்கள். அதே இரண்டு நிமிடம்தான்!

கவுன்ட்டரே மூடிய பிறகு வந்தால் கதை வேறு. அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணைத் திட்டித் தீர்ப்பவர்களைப் பார்க்கலாம். எத்தனை பேர், எத்தனை கிலோ சாமான் என்று கணக்கு முடித்துத்தான் விமானத்தின் எடையையும் சமநிலையையும் பார்க்கிறார்கள். சின்ன விமானத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்கிறார்கள் என்பதே கணக்கில் வரும். அவள் 'முடியாது' என்று சொல்வது திமிரினால் அல்ல. விதி எழுதியவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், வசவு வாங்குவது அவள்.

விதியை வளைக்க உரிமை இருந்தும் வளைக்காதவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 2009 ஏப்ரலில் அமெரிக்கா கிளம்பிய அப்துல் கலாமை, டெல்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதனை போட்டார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. நிறுவனம் செய்தது தவறு. ஜூலையில் விஷயம் வெளியே வந்து, நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கலாம் மட்டும் சத்தமே போடவில்லை. 'நான் யார் தெரியுமா?' என்று கேட்க நம் நாட்டில் அவரைவிடத் தகுதி உள்ளவர் யார்? அவர் கேட்கவில்லை. தகுதியே இல்லாதவர்கள்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பயணம் சுலபமாக முடிந்தது என்று சொல்லும்போது நமக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்றுதான் பார்க்கிறோம். அது லெட்ஜரில் ஒரு பக்கம். நம்மால் யாருக்கு எவ்வளவு நேரம் போனது என்பது மறுபக்கம். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு டேலி ஆகும்.