ஆபத்துக்குப் பாவமில்லையா?

மார்கரெட் மிட்சல் 1936இல் வெளியிட்ட ‘கான் வித் த விண்ட்’ நாவலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் நொடித்துப்போன ஸ்கார்லெட் ஓஹாரா, பக்கத்துப் பண்ணையில் அடிமைகள் பயிரிட்டிருந்த முள்ளங்கியைப் பிடுங்கித் தின்று வாந்தியெடுக்கிறாள். இனிப் பட்டினி கிடப்பதில்லை என்று கடவுளைச் சாட்சி வைத்துச் சபதம் செய்கிறாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். வீடு புகுந்த படைவீரனைச் சுட்டதற்கு அது பொருந்தும். தன் குடும்பப் பண்ணையான டாராவின் 300 டாலர் வரிக்காக, தங்கை மணக்கவிருந்தவனைப் பொய் சொல்லி மணந்ததையும் ஒருவாறு பொறுக்கலாம் (தங்கை பொறுக்கவில்லை, அது வேறு கதை). வயிறு நிறைந்த பிறகு தன் மர ஆலைக்குக் கைதிகளை வாடகைக்கு எடுத்தாளே, அதற்கு?

சோறு கிடைத்ததும் பசியின் பயம் போய்விடுமா என்று கேட்கலாம். போகாதுதான், அவளை விடாமல் துரத்தும் கெட்ட கனவே சாட்சி. ஆனால் பயம் காரணம் சொல்லுமே தவிர உரிமை தராது. கைதிகளுக்கு வாங்கிய உணவை விற்றுவிட்டு அவர்களைப் பட்டினி போடும் மேற்பார்வையாளனை, லாபம் காட்டுகிறான் என்பதற்காக அவள் வேலையிலேயே வைத்துக்கொள்கிறாள்.