பழக்குதலும் ஒடுக்குதலும்

நாள்தோறும் புத்த வந்தனை சொல்லும்போது பகவானின் ஒன்பது குணங்களை நாம் நினைந்து போற்றுகிறோம். அவற்றுள் ஒன்று 'புரிசதம்ம சாரதி' என்பது. பழக்கத் தக்க மாந்தரைப் பழக்கி நடத்தும் சாரதி என்பது அதன் பொருள். சாரதி என்றால் தேரோட்டி. குதிரையைப் பழக்கவும் செலுத்தவும் வல்லவன்.

இச்சொல்லை ஓதும்போது நம்மவருள் சிலருக்கு மனம் சற்றே தயங்குவதுண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் முன்னோரை அடக்கி வைத்தவர் பலர். பணிவு என்றும் அடக்கம் என்றும் அழகிய பெயர்களைச் சொல்லியே அவர்கள் தலை நிமிராதபடி செய்யப்பட்டார்கள். அங்ஙனம் இருக்க, நாம் விரும்பி ஏற்ற தம்மத்திலும் நம்மைப் பழக்குவதற்கு ஒருவர் வேண்டுமா? பழக்குதல் வேறு, ஒடுக்குதல் வேறு என்றால், இரண்டையும் பிரித்தறிவது எப்படி? இவ்வினாவிற்கு விடை காண, உவமைக்கு மூலமாகிய குதிரையின் லாயத்திற்கே சென்று பார்ப்பது நலம் எனத் தோன்றுகிறது.

பெங்களூர்வாசிகளாகிய நமக்குக் குதிரை அயலான பிராணி அன்று. இன்று காமராஜ் சாலை எனப்படுவது முன்னாளில் 'காவல்ரி ரோடு', அதாவது குதிரைப்படைச் சாலை என்றே வழங்கிற்று. தண்டுப் பகுதியில் வெள்ளையர் படைகள் தங்கியிருந்த காலத்தில், அவர்களோடு ஆயிரக்கணக்கான குதிரைகளும் இருந்தன. 1896-ஆம் ஆண்டில் நான்காம் ஹுஸார் குதிரைப்படையின் இளம் அதிகாரியாக இந்நகருக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர் இருந்ததைத் தம் இளமை வரலாற்றில் குறித்திருக்கிறார். குதிரைக்காரர், புல்லறுப்பவர், சமையற்காரர் முதலிய அவ்வேலைகளில் ஒடுக்கப்பட்ட குலத்துத் தமிழர் பலர் இருந்தனர். சேணத்தின்மேல் ஏறியவர் பெயர் சரித்திரத்தில் இடம் பெற்றது. விடியுமுன் எழுந்து குளம்பைச் சுத்தம் செய்து, கொள்ளு வேகவைத்து, உடம்பு தேய்த்து நிறுத்தியவர் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் குதிரையை உள்ளபடி அறிந்திருந்தவர் அவரே. வைத்த தீனியில் ஒரு பிடி மிஞ்சினாலும், ஒரு காலில் சற்றே சூடு ஏறினாலும் முதலில் அறிவது லாயத்தில் இருப்பவர்தான். ஆகவே குதிரையைப் பற்றிய ஞானத்தை நாம் பிறரிடம் இரவல் வாங்க வேண்டியதில்லை. அதில் நமக்கும் முதுசொம் உண்டு.

குதிரை எத்தகைய உயிர்? பிற விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம் அது. கொம்பு அதற்கு இல்லை. ஓடிப் பிழைப்பதே அதன் முதற் காப்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்க வல்லது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரியாது. ஆதலால் அறிந்தவர் ஓசையின்றிப் பின்புறமாக அணுகார். குரல் கொடுத்துக்கொண்டு தோள்பக்கமாகவே செல்வர். முதற் பாடம் இதுவே: திருத்த விரும்பும் உயிர் உலகத்தை எவ்வாறு காண்கிறது என்பதைத் திருத்துவோன் முதலில் கற்க வேண்டும்.

இரண்டாம் பாடம் இன்னும் நுட்பமானது. கடிவாளத்தை இழுப்பதால் குதிரை கற்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், அது கற்பது இழுப்பைத் தளர்த்தும்போதுதான். மெல்ல ஓர் அழுத்தம். குதிரை சரியான பக்கம் ஓர் அடி வைத்ததும் அக்கணமே அழுத்தம் நீங்க வேண்டும். 'நான் செய்தது சரி' என்பது அதற்கு அப்பொழுதுதான் விளங்குகிறது. சொன்னபடி செய்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், அது வாயை மரக்கச் செய்துகொள்ளும், இல்லையேல் வெகுண்டெழும், அதுவும் இயலாவிடில், உயிரற்றது போல் எதற்கும் அசையாமல் நிற்கும். அந்நிலையைக் கண்டு 'நன்றாக அடங்கிவிட்டது' என்று மெச்சுவோரும் உண்டு. அஃது அடக்கமன்று, நம்பிக்கை செத்த நிலை.

மூன்றாவதாக, குதிரை நம் சொல்லைக் காட்டிலும் நம் உடம்பைப் படிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை, கேட்ட கணக்குக்கெல்லாம் குளம்பால் தட்டி விடை சொல்கிறது என்று பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் உளநூல் ஆராய்ச்சியாளர் அதனைச் சோதித்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்டவர் தம்மை அறியாமல் தலையை மயிரிழை அளவு அசைத்தார். அதனைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது. மயிரிழை அசைவையே படிக்கும் உயிரிடம், உள்ளே கொதிக்கும் சினத்தை மறைத்தல் கூடுமா? ஏறியவன் அஞ்சினால் அதுவும் அஞ்சும். அவன் வெகுண்டால் அது வெருளும். தன்னை அடக்காதவன் குதிரையை அடக்கப் புகுவது, நெருப்பைக் கொண்டு நெருப்பை அவிக்க முயல்வது போலாம்.

இனி, பகவான் அருளியதைக் காண்போம். அங்குத்தர நிகாயத்தின் நான்காம் நிபாதத்தில், கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளன் ஒருவன் வருகிறான். அவன் பழக்கும் முறை யாது என்று பகவான் வினவுகிறார். சிலவற்றை மென்மையாலும், சிலவற்றைக் கடுமையாலும், சிலவற்றை இரண்டாலும் பழக்குவதாகவும், எதற்கும் இணங்காததைத் தன் குருகுலத்திற்கு இழுக்கு நேராதபடி கொன்றுவிடுவதாகவும் அவன் கூறுகிறான். பின்னர் அவன் பகவானின் முறையைக் கேட்க, அவரும் அந்நான்கையே சொல்கிறார். கேசி திகைக்கிறான், கொல்லுதல் ததாகதருக்குத் தகுமோ என்கிறான். ததாகதர் தரும் விளக்கத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். மென்மையாவது, நற்செயலையும் அதன் பயனையும் எடுத்துரைத்தல். கடுமையாவது, தீச்செயலையும் அதன் விளைவையும் எடுத்துரைத்தல். கொல்லுதலாவது, இனி இவனுக்கு அறிவுரை கூறுவதில்லை என்று விட்டுவிடுதல். கேசியின் கையில் சவுக்கும் கத்தியும் இருந்தன. பகவானின் கடுமையில் அடி இல்லை, வசை இல்லை, பட்டினி இல்லை. உண்மையை மறைக்காமல் சொல்வதே அவரது கடுமையின் எல்லை. மிகப் பெரிய தண்டனையும், பேசாதிருத்தலோடு நின்றுவிடுகிறது.

இக்கருத்தின் உண்மையை உலகம் அண்மையில் கண்கூடாகக் கண்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒரே வாரத்திற்குள் இரு காட்சிகள் நிகழ்ந்தன. ஐவகைப் போட்டியில் அப்போது குதிரைகளைச் சீட்டுப் போட்டே கொடுத்தார்கள். அறிமுகம் செய்துகொள்ள இருபது நிமிடமே கிடைத்தது. முதலிடத்தில் இருந்த ஜெர்மானிய வீராங்கனைக்குக் கிடைத்த 'செயின்ட் பாய்' என்னும் குதிரை, முன்னரே வேறொருவரோடு ஓடித் தாண்ட மறுத்திருந்தது, அவரிடமும் மறுத்தது. அவர் அழுதார், சவுக்கை வீசினார். வேலிக்கு அப்பால் நின்ற பயிற்சியாளர் அடிக்கும்படி கூவி, தாமும் முட்டியால் குத்தினார். குதிரை தாண்டவில்லை. பயிற்சியாளர் அவ்விளையாட்டு விழாவினின்றும் விலக்கப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பின் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்படும் என்ற முடிவும் அவ்வாண்டின் இறுதிக்குள் எடுக்கப்பட்டது.

மற்றொரு காட்சிக்கு உரியவர் நம் பெங்களூரில் பிறந்த ஃபவாத் மிர்சா. 'சென்யோர் மெடிகாட்' என்னும் குதிரையோடு 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 1982-க்குப் பின் குதிரையேற்றத்தில் தனிப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். அதே குதிரையோடு டோக்கியோவில் இறுதிச் சுற்று வரை சென்று 23-ஆம் இடம் பெற்றார். 'ஈவென்டிங்' எனப்படும் அப்போட்டியில் மூன்று சோதனைகள் உண்டு: இசைவான நடை, காட்டுவெளித் தடைகளை ஓடித் தாண்டுதல், இறுதியில் கம்பத் தடைகளைத் தாண்டுதல். இடையிடையே மருத்துவர் முன்னிலையில் குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். அது நொண்டினால், ஏறுபவர் எத்துணை வல்லவரேனும் போட்டி அத்துடன் முடிந்தது. இத்தகைய சோதனையில் இருபது நிமிட அறிமுகம் பயன்படாது. பல ஆண்டுகள் நாள்தோறும் செய்த சிறு செயல்களே அங்கே சாட்சி சொல்கின்றன.

இப்போது நம் வினாவிற்கு மீள்வோம். பழக்குதலையும் ஒடுக்குதலையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் யாது? முடிவில் யார் வளர்கிறார் என்று பார்ப்பதே அது என்போம். நன்கு பழகிய குதிரை தனியே ஆற்ற மாட்டாததை ஆற்றுகிறது; அஞ்சிய பள்ளத்தை அஞ்சாமல் கடக்கிறது. ஒடுக்கப்பட்ட உயிரோ தன்னால் இயன்றதையும் செய்ய அஞ்சிக் குறுகுகிறது. தம்மம் நம்மைப் பழக்குவது நாம் வளர்தற் பொருட்டு. சாதி நம்மை அடக்கியது நாம் வளராமைப் பொருட்டு. 2018 மார்ச்சில், குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில், தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் குதிரை வாங்கி அதன்மேல் ஏறிச் சென்றதைப் பொறாமல் செய்த கொலை இது என்று குடும்பத்தார் முறையிட்டனர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டலாம், ஏறக்கூடாது என்னும் அந்நீதியை நம் முன்னோர் நன்கறிவர்.

'குதிரை மனமொப்பியா கடிவாளத்தை ஏற்கிறது?' என்று சிலர் கேட்கக் கூடும். தக்க கேள்விதான். எத்துணைக் கனிவோடு பூட்டினும் கடிவாளம் இரும்பே. பந்தயத் திடலில் பணத்துக்காகச் சவுக்கடி பட்டு ஓடும் குதிரையைப் பழக்கத்தின் சான்றாக நாம் காட்ட மாட்டோம். மனிதனுக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தலும் ஆகாது. குதிரைக்குச் சாரதி என்றும் வேறொருவனே. மனிதனோ தானே குதிரை, தானே சாரதி ஆகலாம். நம்மை என்றும் தம் கடிவாளத்தில் வைத்துக்கொள்ளப் பகவான் விரும்பவில்லை. கடிவாளத்தை நம் கையிலேயே கொடுப்பதுதான் அவர் பயிற்சியின் முடிவு.

ஆயின் இந்த அளவுகோலைப் பிறர்மேல் மட்டும் வைத்தல் முறையன்று. நம் இல்லத்திலும் வைக்க வேண்டும். சாதியின் சவுக்கை வெறுத்து வந்த நாம், மாலையில் வீடு திரும்பி, கணக்கில் தவறிய பிள்ளையை அடித்தால், அந்தச் சவுக்கைக் கை மாற்றியவர் ஆவோமேயன்றி ஒழித்தவர் ஆகோம். பிள்ளை வாய் திறவாமல் நிற்பதைக் கண்டு பணிவு என்று மகிழ்தல் வேண்டா. லாயத்தில் அசையாது நிற்கும் குதிரையை நினைக்க. பிள்ளை ஒன்றைச் சரியாகச் செய்த அக்கணமே அழுத்தத்தைத் தளர்த்துக. நேற்றைய தவற்றை இன்று மீண்டும் இழுக்கற்க. மனைவியிடத்தும், நம்மிடம் வேலை செய்வோரிடத்தும், சங்கத்தில் புதிதாக வந்து தடுமாறுவோரிடத்தும் இதுவே முறை. சினம் எழுந்தால், அது தணியும்வரை திருத்தும் வேலையை ஒத்தி வைப்பதே அறிவு. கிரேக்க நாட்டு செனொபோன், ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே, சினத்தோடு குதிரையைக் கையாளலாகாது என்று தம் குதிரையேற்ற நூலில் எழுதி வைத்தார். குதிரைக்கே அது வேண்டுமெனின், பிள்ளைக்கு வேண்டாவோ?

அதே நிபாதத்தில் பகவான் நால்வகைக் குதிரைகளைப் பற்றியும் சொல்கிறார். தாற்றுக்கோலின் நிழல் கண்டே விழிப்பது ஒன்று. அது மயிரில் பட விழிப்பது ஒன்று. தோலில் பட விழிப்பது ஒன்று. எலும்பில் பட்ட பின்னரே விழிப்பது ஒன்று. மனிதரிலும் அங்ஙனமே நால்வர். அவருள் முதல்வன், வேற்றூரில் ஒருவர் துன்புற்றார் அல்லது இறந்தார் என்று கேட்ட அளவிலேயே நெஞ்சம் கலங்கி நல்வழியில் முயல்கிறவன். ஏனையோர் நேரில் காணும்வரையும், தம் சுற்றத்தாருக்கு நேரும்வரையும், தம் உடம்பிலேயே படும்வரையும் காத்திருக்கின்றனர்.

பாவ்நகர் நமக்கு வேற்றூரே. அங்கே மாண்ட இளைஞரை நாம் கண்டதில்லை. அச்செய்தியைக் கேட்ட நாம் அந்நால்வருள் எவராக இருக்கிறோம் என்பதை, நம் வீட்டுப் பிள்ளைகளும் நம் கீழ் வேலை செய்வோரும் நம்மைக் கண்டு அஞ்சுகிறார்களா, வளர்கிறார்களா என்பதே காட்டும்.