கஞ்சி

"ஏதோ, ஆண்டவன் புண்ணியத்தில் இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறோம்" என்று காஞ்சிபுரம் காந்தி ரோட்டு ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் சொன்னால், அவர் வீட்டு அடுப்பை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அடக்கமான மனிதர் என்கிறோம். அதே ஊரில், பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்கிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆச்சுங்க, இப்பத்தான்" என்பார். குடித்தது கஞ்சியாகவே இருக்கலாம். அந்தச் சொல் மட்டும் வாயில் வராது.

ஏன் வரவேண்டும்? 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை கம்பெனிப் படையை முறியடித்தது. அந்தப் போரின்போது வந்த பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றவென்று 1782இல் சென்னையில் ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அதன் வழியாக வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னை ஜனங்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வெகுகாலம் அழைத்தார்கள். மாட்டுக்குக் கழுநீர் வைப்பதும் தொட்டிதான். உயிர் பிழைத்தார்கள், வாஸ்தவம். பெயரில் தொட்டி ஒட்டிக்கொண்டதே!

முதலாளி சொல்வதும் பொய், நெசவாளி சொல்வதும் பொய். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. இவர் தம் மானத்தை மூடிக்கொள்கிறார். அவரோ பிறர் வறுமையை வட்டியில்லாமல் இரவல் வாங்குகிறார். அதிலும், கூலியை உயர்த்திக் கேட்க வந்தவனிடம் "நானே கஞ்சி குடிக்கிறேன், அப்பா" என்று சொல்லிவிட்டால், வந்தவன் அப்புறம் எதைக் கேட்பான்? பாவு இழைக்குக் கஞ்சி போட்டால் விறைப்பு ஏறும். இந்தக் கஞ்சி வந்தவன் வாயையல்லவா ஒட்டவைக்கிறது!

சென்னைப் பையன்கள் கையிறுக்கக்காரனைச் 'சரியான கஞ்சி' என்கிறார்கள். கஞ்சன் என்பதன் சுருக்கமாக இருக்கலாம். இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. கஞ்சி குடிக்கிற வீட்டில்தான், வந்தவனுக்கும் ஒரு குவளை நீட்டுகிறார்கள்.

"கடைசிக் காலத்தில் ஒரு வாய் கஞ்சி ஊற்றினால் போதும்" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. அவள் கேட்பது கஞ்சியையா? பக்கத்தில் வந்து உட்கார், நாலு வார்த்தை பேசு என்று கேட்கக் கூசி, இருப்பதிலேயே மலிவான பண்டத்தின் பெயரைச் சொல்கிறாள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, வேளை தவறாமல் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "கேட்டதைக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்?" என்பார்கள். கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.