ஆலை வாயிலுக்கு அப்பால்

எட்டு மணி நேர உழைப்பை விலைக்கு வாங்கியவன், எஞ்சிய பதினாறு மணி நேரத்துக்கும் எசமானனா? சங்கு ஊதியதும் வெளியேறும் தொழிலாளி எங்கே போனான், எவரோடு பழகினான், எதைக் குடித்தான் என்று கேட்கும் உரிமை முதலாளிக்கு உண்டா? உண்டு என்று செய்தே காட்டியவர் ஹென்றி ஃபோர்டு.

1914-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நாளொன்றுக்கு 5 டாலர் என்று அவர் அறிவித்தபோது உலகம் வியந்தது. ஆனால் கொடுத்த கை, கூடவே கண்காணியையும் அனுப்பியது! அத்தொகையில் ஏறத்தாழப் பாதி, கூலியன்று, இலாபப் பங்கு. அதைப் பெற நன்னடத்தை வேண்டும். டெட்ராய்ட் வட்டாரத் தொழிலாளர் இல்லங்களுக்குள் ஆய்வாளர்கள் நுழைந்தனர். வீடு துப்புரவா, சேமிப்பு உண்டா, குடி உண்டா என்று குறிப்பெடுத்தனர். தேறாதவனுக்குப் பங்கு நிறுத்தம். தவணைக்குள் திருந்தாவிட்டால் வேலையும் பறிபோகும். குடி குறைந்தால் நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால், அடுப்பங்கரை வரை வந்து நிற்பவனுக்கு அஞ்சி வாழ்பவன் ஒழுக்கமுள்ளவனா, அடிமையா? 1922-இல் வெளிவந்த தம் நூலில் ஃபோர்டே, தொழிலாளரின் சொந்த வாழ்வைத் துருவுவது காலங்கடந்த வழக்கம் என்று எழுதிவிட்டார்.

இரவு குடித்த மயக்கம் தெளியாமல் காலையில் பேருந்து ஓட்ட வருபவனைத் தடுப்பது வேறு. அது வேலையைத் தொடும் குற்றம். 1940-இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் தருக்கமும் கணிதமும் கற்பிக்கவிருந்த பெர்ட்ரண்டு ரசல், மணவாழ்வு பற்றி எழுதியவற்றுக்காக நீதிமன்றத் தீர்ப்பால் அப்பதவியை இழந்தாரே, கணக்குக்கும் கலியாணத்துக்கும் என்ன உறவு?

ரசலுக்காகக் கொதிப்பது நமக்கு எளிது, தோழர்களே. எளிதல்லாத ஒன்று உண்டு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாய் அமர்த்திப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர், மாலையில் சாதிச் சங்க மேடையேறி முழங்குகிறார். விரட்டு என்றுதான் என் நெஞ்சும் துடிக்கிறது, நானும் ஆசிரியன். தீண்டாமை புரிந்தால் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வழக்குமன்றம் தண்டிக்கட்டும். வகுப்பில் ஒரு குழந்தையைத் தள்ளி உட்காரவைத்தால் அன்றே வெளியேற்றட்டும். வெறும் பேச்சுக்காக வேலையைப் பறிக்கும் கோலைப் பள்ளி நிர்வாகியின் கையில் கொடுத்தால், நான் சாதி மறுத்து மணம் புரிந்த மறுநாள் அதே கோல் என் முதுகில் விழாதா?

ஆயினும், அவர் முழக்கத்தை ஒலிபெருக்கியில் கேட்ட சேரிச் சிறுவன், மறுநாள் அவர் முன்னே எப்படி அமர்வான்? இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. அவர் திருத்தும் விடைத்தாள்களை இன்னொருவரும் பார்க்கவேண்டும் என்று கேட்பேன். அவர் வேலையைப் பறிக்கக் கேட்கமாட்டேன்.