சுவர் இருந்தால்தான் பெயரா?

லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில், ஃப்ராக்னல் தெருவின் 108ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு நீல வட்டத் தகடு இருக்கிறது. தமாரா கர்சாவினா, 1885–1978, பாலே நடனமணி, இங்கே வாழ்ந்தார். அவ்வளவுதான்.

1910இல் 'ஃபயர்பேர்ட்' பாலேயில் முதன்முதலாக அந்தப் பறவையாக ஆடியவர் இவர். 1918இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். இன்று ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் எனப்படும் அமைப்பை 1920இல் லண்டனில் தொடங்கியவர்களில் ஒருவர். மலேசியாவில் பாலே கற்கும் பிள்ளைகள் பலர் இன்றும் அதன் தேர்வுகளைத்தான் எழுதுகிறார்கள். பறவையின் ஆட்டத்தை மார்கோ ஃபான்டெயினுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. ஆடியது தகட்டில் இருக்கிறது, சொல்லிக்கொடுத்தது இல்லை.

லண்டன் தகடுகளுக்கு ஒரு விதி உண்டு. அந்த மனிதரோடு தொடர்புள்ள ஒரு கட்டடமாவது இன்றும் நிற்க வேண்டும். நியாயம்தான், தகட்டைக் காற்றிலா மாட்ட முடியும்? ஆனால் வாடகை அறையிலும் அடுத்தவர் வீட்டுக் கூடத்திலும் பாடம் நடத்திய வாத்தியாரை என்ன செய்வது?

நம்ம ஜார்ஜ்டவுனில் சுவருக்குப் பஞ்சமில்லை. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு, கடைவீடுகளும் அஞ்சடிகளும் காக்கப்படுகின்றன. ஆனால் அதற்கு முன்பே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000இல் வாடகைகள் ஏறியதும், தலைமுறைகளாக அங்கிருந்த பலர் வெளியேறிவிட்டார்கள். சுவர் நிற்கிறது, அதற்குள் யார் யார் இருந்தாங்கன்னு சொல்ல ஆளில்லை. மரபு என்று நாம் காப்பது கட்டடத்தையா, மனிதரையா?

பரதநாட்டியம் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. பினாங்கில் ஆடும் ஒரு பெண்ணிடம் கேளுங்கள். "நாங்க பந்தநல்லூர் பாணி" என்பாள், அல்லது "வழுவூர்" என்பாள். அவள் பார்த்தே இராத ஊர் அவள் அடவில் இருக்கிறது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் வழுவூர் ராமையா பிள்ளைக்கும் இதைவிட நீண்டகாலம் நிற்கும் தகடு எது? இதற்குச் சுவர் தேவையில்லை, ஆடும் உடம்பு போதும்.

இங்கே பெருமைப்பட்டு நிறுத்திவிடலாம். ஆனால் இந்தத் தகட்டிலும் விடுபட்டவர்கள் உண்டு. மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர்; பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயரில் நாம் ஒரு பாணி சொல்வதில்லை. நட்டுவனாரின் ஊர் பாணிக்குப் பெயரானது. கோயிலில் ஆடிய பெண்ணின் பெயர் ஆய்வாளர்களின் அடிக்குறிப்பில் தங்கிவிட்டது. பாணி என்பதும் மறக்கத் தெரிந்த நினைவுதான். சுவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கற்றுக்கொடுத்தவரின் உழைப்பு இன்னொருவர் உடம்புக்குள் போய்விடுகிறது. கைதட்டல் அந்த உடம்புக்குத்தான் கிடைக்கிறது. அதனால் கடனைச் சொல்லவேண்டியதும் கைதட்டல் வாங்கியவர்தான்; நகராட்சியோ யுனெஸ்கோவோ அதைச் செய்ய முடியாது. அரங்கேற்ற அழைப்பிதழில் சிறப்பு விருந்தினருக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறோம். குருவின் குரு யார், அவருக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்த அம்மா யார் என்று இரண்டு வரி போட இடமில்லையா?