கல்மரமும் வால்வு ரேடியோவும்

நாற்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த வால்வு ரேடியோவைக் கீழே இறக்கியதும் யாருக்கும் எழும் முதல் ஆசை, ஒயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பதுதான். அத்தனை காலம் தப்பிப் பிழைத்த பெட்டிகளில் பல, உயிரை விடுவது அந்த நொடியில்தான்.

உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் காய்ந்து கிடக்கும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஈரம் குடித்து, தடுத்து நிறுத்தவேண்டிய நேர்மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கியிருக்கும். ஸ்பீக்கரை இயக்கும் வால்வுக்கு முன்னால் நிற்கும் ஒற்றைக் கண்டென்சர் கசிந்தாலே போதும். அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துச் சிவந்து, தன்னோடு டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். அதனால் அனுபவப்பட்ட கை ஸ்விட்சைத் தேடாது. முதலில் பின்பக்க அட்டையைக் கழற்றும். எலிப் புழுக்கையையும் பல்லி முட்டையையும் தூரிகையால் தட்டி எடுக்கும். கரப்பான் அரித்த ஸ்பீக்கர் காகிதத்தைத் தடவிப் பார்க்கும். கெட்டுப்போன கண்டென்சர்களை மாற்றிய பிறகும் நேராக மின்சாரம் கொடுக்காது. நடுவே ஒரு குண்டு பல்பை சீரிஸில் கோத்துக்கொள்ளும். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். ஒரு கணம் மினுங்கி மங்கினால், பெட்டி பிழைத்தது. இந்தச் சோதனைக்கு எல்.இ.டி. பல்பு உதவாது. கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட, உள்ளே இழை ஓடும் பழைய பல்புதான் வேண்டும்.

பழைய ரேடியோக்களைச் சேர்ப்பதையும் பழுது நீக்குவதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இந்த ஒழுங்கை மந்திரம்போல் கடைப்பிடிக்கிறார்கள். பெட்டிக்குள் 250 வோல்ட் ஓடும். ஒயரைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த ரேடியோக்களில், பிளக்கைத் திருப்பிச் செருகினால் இரும்புச் சட்டமே மின்சாரம் ஏறி நிற்கும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

இவ்வளவு பொறுமை எதற்காக என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேட, பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளுக்குள் ரேடியோ எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பார்க்கவேண்டும்.

இந்த இரண்டு மாவட்டங்களும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த காலம் அது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மின்சாரம் எட்டாத ஊர்களில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். சின்னதாக ஓர் அறை, அதற்குள் பூட்டிவைத்த பெட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர். மாலையில் அதைத் திறந்துவைக்கும் நேரத்துக்கு, வயலிலிருந்து திரும்பியவர்கள் அடியில் வந்து உட்காருவார்கள். செய்தி, உழவர்களுக்கான நிகழ்ச்சி, நாதசுரம் என்று எது வருகிறதோ அதுதான் எல்லோருக்கும். யாரும் ஸ்டேஷனை மாற்றச் சொல்ல முடியாது.

அப்படிக் கேட்ட பேச்சு காதோடு நின்றுவிடவில்லை. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை வெளியிட்டபோது, அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி நிலையம் விடாமல் சொல்லிக்கொடுத்தது. தஞ்சை உழவர்கள் அந்த ரகத்தின் எண்ணை மறந்து, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரு கருவியின் பெயரைத் தாங்கி வயலில் ஒரு பயிர் நின்றது என்றால், அந்தக் கருவியை மக்கள் எவ்வளவு நம்பியிருக்கவேண்டும்!

பாட்டுக்கு வேறு திசை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். நேயர்கள் முள்ளைச் சிற்றலைக்குத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கைக்கு இருந்த இடம் போகவில்லை. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள், முகமே பார்த்திராத லட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டுப் பெயர்களாயின. சினிமாப் பாட்டைக் கேட்கப்போன இடத்தில் திருத்தமான தமிழ் உச்சரிப்பையும் நேயர்கள் கேட்டுப் பழகினார்கள்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் பெட்டி நெல் குதிருக்குப் பின்னால் போகும். அந்தச் சிறிய புத்தகம் கூடவே கிடைத்துவிட்டால் சேகரிப்பாளருக்குக் கொண்டாட்டம்தான். ரேடியோ எந்த வீட்டில், எத்தனை ஆண்டுகள் பாடியது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தச் சிறு துண்டு, சுவரை ஒட்டி மேசைமேல் வீற்றிருந்த ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாட்டின் பின்னால் நடக்கும் ரேடியோவாக மாற்றியது. அதன் பின் டேப்ரிக்கார்டர், டி.வி. வால்வு ரேடியோ கூடத்திலிருந்து பரணுக்கும், பரணிலிருந்து தெருவுக்கும் வந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போன தள்ளுவண்டிகளில் எத்தனை மர்பிகளும் புஷ்களும் பிலிப்ஸ்களும் ஏறிப்போயின என்று கணக்கு எழுத யாரும் இருக்கவில்லை. செம்புக் கம்பிக்காக டிரான்ஸ்ஃபார்மரை உடைத்தார்கள். தேக்குப் பெட்டி அடுப்புக்குப் போனது.

எஞ்சியவற்றைத் தேடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ராம் சிங் பௌத் 1,257 ரேடியோக்களைச் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். எண்ணிக்கையை நோக்கிப் போவது ஒரு வழி. நான்கைந்து பெட்டிகளோடு நின்று, ஒவ்வொன்றையும் பாடவைத்தே தீருவது என்று உட்காருபவர்களின் வழி வேறு. அவர்களுக்குத்தான் அந்தப் பெரிய சிக்கல் வந்து சேருகிறது. ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் மேசைமேல் இருப்பது அந்தப் பழைய ரேடியோதானா?

பெரம்பலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கக்கூடாது. ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில், ஓர் ஓடையின் ஓரம், பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தில், அடித்து வரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரம் அது. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். கல்மரம் உருவாகும் விதம் வியப்பானது. புதைந்த மரத்துக்குள் தாதுக்கள் கரைந்த நீர் ஊறுகிறது. கட்டையின் நுண்ணறைகள் ஒவ்வொன்றிலும் சிலிக்கா படிகிறது. மரம் மெல்ல மெல்லக் கரைய, அது இருந்த இடத்தில் கல் உட்காருகிறது. இப்படி உருவான நல்ல கல்மரத்தை அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால், அந்த மரத்தின் உள்ளமைப்பைப் படிக்க முடியும். பொருள் முழுக்க மாறிவிட்டது. ஆனாலும் மரத்தைப் பற்றிய செய்தி போகவில்லை. ஒவ்வொரு துகளும் முன்னது இருந்த இடத்திலேயே வந்து அமர்ந்ததுதான் அதற்குக் காரணம்.

ரேடியோவைத் திருத்துகிறவர்களில் கவனமானவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கசியும் காகிதக் கண்டென்சரை வெட்டி எறிவதில்லை. லேசாகச் சூடுகாட்டி, மெழுகு இளகியதும் உள்ளிருக்கும் சுருளை உருவிவிட்டு, அந்தக் கூட்டுக்குள் புதிய பாலியெஸ்டர் கண்டென்சரை வைத்து, மறுபடி மெழுகால் அடைக்கிறார்கள். வெளியே பழைய பெயர், பழைய எண். உள்ளே நம்பகமான புதுப் பொருள். இதை ஏமாற்று என்று சொல்லும் சேகரிப்பாளர்களும் உண்டு. மாற்றியதை மறைக்கக்கூடாது, புதிய மஞ்சள் கண்டென்சர் மஞ்சளாகவே தெரியட்டும் என்பது அவர்கள் கட்சி. இரு தரப்பிலும் நேர்மை இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான நல்ல பழக்கம் ஒன்றும் உண்டு: எடுத்த பாகங்களை ஒரு சிறு பையில் கட்டி, என்று, எதை, ஏன் மாற்றியது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது. முன்பு கடைவீதி மெக்கானிக்குகள் சிலர் கேபினட்டின் உட்புறத்தில் பென்சிலால் தேதி போட்டார்கள். அதன் நீட்சிதான் இது. அடுத்துத் திறக்கப்போகிறவருக்கு எழுதும் கடிதம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இன்று பரவியிருக்கிறது. பழைய பெட்டியின் உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, ஒரு புளூடூத் பலகையைப் பொருத்தி, ஹோட்டல் வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிறார்கள். அது பாடுகிறது, நன்றாகவே பாடுகிறது. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவருக்குப் படிக்க அங்கே எதுவும் இல்லை. வால்வுகளைத் திட்டமிட்டவரின் கணக்கு, காயிலைச் சுற்றிய தொழிலாளியின் கை எல்லாம் ஒரே மூட்டையாகக் காயலான் கடைக்குப் போய்விட்டன. மாற்றம் இங்கே இடத்துக்கு இடமாக நிகழவில்லை, ஒரேயடியாக நிகழ்ந்தது. சாத்தனூர் மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டுப் பட்டையை மட்டும் நிறுத்திவைத்ததுபோல் ஆயிற்று.

அந்தக் கணக்கும் கையும் சாதாரணமானவை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று 1941இலேயே சொன்னவர். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் இங்கேயே வால்வுகளைத் தயாரித்தது. ஒரு புதிய நாடு தன் காதைத் தானே செய்துகொள்ள எடுத்த முயற்சி அந்த இரும்புச் சட்டத்தின் மேல் இருக்கிறது. அதைப் பழுது நீக்கி ஓடவைப்பவர், செய்தவரோடு அவர் மொழியிலேயே பேசப் பழகுகிறார். இந்த ரெசிஸ்டர் ஏன் இங்கே வந்தது, இந்த ஒயர் ஏன் அதைத் தொடாமல் சுற்றிப்போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் கோளாறின் பக்கத்தில் போய்ச் சேருகிறார். முகம் தெரியாத ஒருவரின் வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு, ஒரு வாழ்நாளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

சரி, பெட்டி பேசத் தயாராகிவிட்டது. அதில் எதைக் கேட்பது? 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றுபோனது. சிற்றலையில் தமிழ் தேடினால் பெரும்பாலும் இரைச்சல்தான். மத்திய அலையிலும் பல வீடுகளில் இரைச்சலே. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, டி.வி. பெட்டி என ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கரகரப்பைக் கலக்கிறது. ஆகவே கேட்க விரும்புகிறவர் வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கு, ஒரு கரகரப்பு குறைகிறது. கூடத்து விளக்கை அணை, இன்னொன்று போகிறது. கடைசியில் இருட்டில், பின்னட்டையின் துளைகள் வழியே வால்வுகளின் செம்மஞ்சள் ஒளி மட்டும் சுவரில் விழ, வீடு அமைதியாகிறது. இருட்டியபின் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் பகலெல்லாம் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருந்த அடுக்கு கரைந்துவிடும். தொலைதூர நிலையங்கள் மேலே பட்டுத் திரும்பி வரத் தொடங்கும். ஏறி இறங்கும் அந்தக் குரல்களுக்கு நடுவே முள்ளை மயிரிழை அளவு நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், ஒருவகையில் பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் உட்கார்ந்த பழைய ஆள்தான். என்ன வருகிறதோ அதைக் கேட்க அவர் தயார்.

விரும்பிய பாட்டை விரல் நுனியில் வரவழைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை யாரும் விட்டுவிடப் போவதும் இல்லை. ஆனால் தான் கேட்காததைக் கேட்கும் பழக்கம் கைவிட்டுப் போனால், ரேடியோ நெல்லைப்போல் ஒன்று நம் வயலுக்கு வர வழி இருக்காது. அந்த உழவர்கள் நெல்லைத் தேடி ரேடியோவைத் திறக்கவில்லை. பாட்டுக்கு நடுவே நெல் தானாக வந்தது. தேடாமல் வரும் நல்லதற்குக் காதைத் திறந்துவைக்கும் பயிற்சியை இந்தப் பழைய பெட்டி இன்னும் தருகிறது. அதற்காகவே அதைப் பரணிலிருந்து இறக்கலாம்.

வேலையெல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது டயல் கண்ணாடி. முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பின்பக்கத்தில்தான் ஆபத்து. நிலையங்களின் பெயர்களும் எண்களும் அந்தப் பக்கம்தான் அச்சாகியிருக்கும். அறுபது ஆண்டுப் பழைய அச்சு, ஒரு துளித் தண்ணீர் பட்டாலும் தூசியோடு சேர்ந்து கரைந்து வந்துவிடும். முதல் ரேடியோவில் எல்லோரும் ஏதாவது ஓர் எழுத்தை அப்படி இழந்திருப்பார்கள். அடுத்த ரேடியோவில் பின்பக்கத்தைத் துடைப்பதில்லை. எழுத்துகளுக்கு இடையே மெதுவாக ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட்டு, எழுத்துகளின் மேல் படிந்த தூசியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியைப் பழைய இடத்தில் பொருத்தி, டயல் விளக்கைப் போடும்போது, அந்தத் தூசிப் படலத்தின் வழியே ‘சிலோன்’ என்ற எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது.