அறிவுக்கு உரியவர் யார்? காணிகளின் ஆரோக்கியப்பச்சை

அகத்தியமலையின் இருபுறமும் காணிகள் எனப்படும் காணிக்காரப் பழங்குடியினர் வாழ்கின்றனர்: மேற்கே திருவனந்தபுரம் மாவட்டத்துக் காடுகளில், தமிழ்நாட்டுப் பக்கம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளில். அவர்களிடையே நோய் தீர்ப்பவர் பிலாத்தி. மருந்து கொடுப்பவரும் தெய்வத்தை அழைக்கும் பூசாரியும் அவரே. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி, சாற்றுப்பாட்டுப் பாடிப் பிணியை விலக்குவது அவர் தொழில். குணமாக்கியது இலையா பாட்டா என்று பிரித்துக் கேட்பவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்தான்.

அப்படி வந்த ஆய்வுக் குழு ஒன்று 1987இல் வழிகாட்டிகளாகச் சில காணி இளைஞர்களை அழைத்துச் சென்றது. மலையேற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துப்போக, இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றபடி சோர்வின்றி நடந்தனர். முதலில் சொல்லத் தயங்கிய அவர்கள் பின்னர் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை (ராயல்டி). இவற்றில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. பணத்தைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி என உலகெங்கும் இது பேசப்பட்டது.

காணிகள் உண்டது காயை, மருந்தானது இலை. ஆகவே ஆய்வகத்தின் பங்கை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் செடியைக் காட்டியவர்கள் இல்லையென்றால் ஆய்வகம் அதனருகே சென்றிருக்காது. சரிபாதிப் பங்கு இந்தக் கணக்கைத் தீர்த்துவைப்பதுபோல் தோன்றும். தீர்க்கவில்லை. தனியார் நிறுவனங்களுக்குத் தங்கள் அறிவை விற்பதை எதிர்த்து ஒன்பது பிலாத்திகள் 1995இலேயே கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதியிருந்தனர்.

அந்த எதிர்ப்பைப் பிற்போக்கு என்று தள்ளுவது எளிது. அதன் தர்க்கம் வேறு. மருத்துவ அறிவு பிலாத்தியிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது; குரு தகுதி பார்த்துத் தருவது, காப்பதற்கென்றே தருவது. மருந்து கொடுத்தவர் நோயாளிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். குப்பியில் அடைத்துக் கடையில் விற்கும் பொருளுக்கு அப்படிப் பதில் சொல்ல யாருமில்லை. ஒப்பந்தமோ விற்கத்தக்க பொருளையும் அதற்கு ஓர் உடைமையாளரையும் தேடுகிறது. காட்டிய இளைஞர்களா, குருவழி பெற்ற பிலாத்தியா, மலையெங்கும் சிதறி வாழும் இனம் முழுவதுமா? அறக்கட்டளை ‘இனம்’ என்று விடை தந்தது. காணிகளுக்குள்ளேயே எல்லாரும் அதை ஏற்கவில்லை. இதற்கிடையே, செடி அழிந்துவிடும் என்ற அச்சத்தில் வனத்துறை அதைக் காட்டில் பயிரிடவும் திரட்டவும் தடை போட்டது. அறிவுக்குப் பங்கு கிடைத்தவர்களுக்கு அந்த அறிவு வளரும் மண்ணில் உரிமை இருக்கவில்லை என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

2010இல் உருவான நகோயா நெறிமுறை என்னும் பன்னாட்டு ஒப்பந்தம், பழங்குடியினரின் அறிவைப் பயன்படுத்த அவர்களது முன்னறிந்த ஒப்புதல் தேவை என்கிறது. அவர்களின் வழக்கச் சட்டங்களைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. வழக்கப்படி ஒப்புதல் தரவோ மறுக்கவோ உரியவர் மறுத்துவிட்டு, இனத்தில் பலர் இசைந்தால் எந்தச் சொல் நிற்கும் என்பதை அது வரையறுக்கவில்லை.